வங்கக் கடற்புயல் எச்சரிக்கையின் மொழி: ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

உலகின் வெப்பமண்டலக் கடல்களில் ஆண்டுதோறும் தோன்றும் புயல்களில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவானவையே வட இந்தியப் பெருங்கடலில் உருவாகின்றன. ஆயினும் வரலாறு கண்ட பெரும் புயற்சாவுகளில் மிகுதியானவை வங்காள விரிகுடாவின் கரைகளிலேயே நிகழ்ந்துள்ளன. விரிகுடாவின் வடபகுதி புனல் போலக் குறுகிச் செல்வதும், கரையோரக் கடல் ஆழங்குறைந்து கிடப்பதும், ஆற்றுக் கழிமுகத் தாழ்நிலங்களில் மக்கள் நெருங்கி வாழ்வதும் இதற்குக் காரணங்களாகப் புவியியலார் கூறுவர். இவை இயற்கை சார்ந்தனவும் குடியிருப்புச் சார்ந்தனவும் ஆகும். இவற்றுடன் மொழி சார்ந்த காரணம் ஒன்றையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். புயல் வருகிறது என்ற செய்தி யாருக்காக, எந்த மொழியில், எந்தக் குறியீட்டில் சொல்லப்பட்டது என்பதே அது.

எச்சரிக்கை என்பது ஒரு மொழிச்செயல். அதற்குச் சொல்வோர், கேட்போர், செய்தி, ஊடகம் என்னும் நான்கு உறுப்புகள் உண்டு. வானிலை நூல் வரலாறுகள் பெரும்பாலும் சொல்வோரின் அறிவு எவ்வாறு வளர்ந்தது என்பதையே விரித்துரைக்கின்றன. கேட்போர் யார் என்ற வினாவை முன்வைத்து அவ்வரலாற்றை நோக்கினால் வேறொரு படிநிலை வளர்ச்சி புலனாகும். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இந்தியப் புயல் எச்சரிக்கை கப்பலையே நோக்கிப் பேசியது. கரைவாழ் குடிகளை நோக்கிப் பேசக் கற்றது பின்னரே. இம்மாற்றத்தின் போக்கையும் அதன் பயனையும், இன்னும் எஞ்சியுள்ள குறைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. 'சைக்ளோன்' என்னும் சொல்லின் தோற்றம்

இன்று உலகெங்கும் வழங்கும் 'சைக்ளோன்' என்னும் சொல் கல்கத்தாவில் பிறந்தது. கப்பல் தலைவராக இருந்து பின்னர் அந்நகரில் தங்கிய ஹென்றி பிடிங்டன், வங்கக் கடலில் புயலிற் சிக்கிய கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி ஒப்பிட்டார். காற்று நேராக வீசவில்லை, ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்கிறது என்னும் உண்மையை மாலுமிகளுக்கு விளக்கும் பொருட்டு 1848இல் ஒரு கையேட்டை வெளியிட்டார். கிரேக்க மொழியில் வட்டத்தையும் பாம்பின் சுருளையும் குறிக்கும் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்ற பெயரை அதில் ஆக்கி வழங்கினார்.

இக்கலைச்சொல் ஆக்கத்தில் இரு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, சொல் காற்றின் வலிமையைச் சுட்டாமல் அதன் வடிவத்தைச் சுட்டுகிறது. மையம் எத்திசையில் உள்ளது என்று அறிந்தால் கப்பலை விலக்கிச் செலுத்தலாம் என்பதால் மாலுமிக்கு வேண்டியது வடிவ அறிவே. இரண்டாவது, கரையில் வாழ்வோர்க்கு அவ்வடிவத்தால் உடனடிப் பயன் இல்லை. அவர்களுக்குக் குடிசையை விட்டு விலகும் வேளையும், நீர் எழும் உயரமுமே வேண்டியிருந்தன. சொல் பிறந்தபோதே அதன் கேட்போர் கடலோடிகளாக வரையறுக்கப்பட்டனர் எனலாம்.

பிடிங்டன் கரையை மறந்தவர் அல்லர். கோதாவரிக் கழிமுகத்தை அடுத்த கோரங்கித் துறையை 1789இல் பேரலைகள் அழித்து, சுமார் 20,000 பேர் மாண்ட நிகழ்ச்சியை அவர் பதிவு செய்தார். கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா ஆற்றின் கரையில் புதிய துறைமுகம் அமைக்க அரசு முனைந்தபோது, புயலால் எழும் கடல்நீர் அவ்விடத்தை மூழ்கடிக்கும் என்று 1853இல் தலைமை ஆளுநர் டல்ஹௌசிக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். அவ்வெச்சரிக்கை ஏற்கப்படவில்லை. கானிங் துறைமுகம் எழுந்தது. பிடிங்டன் 1858இல் மறைந்தார். 1867 நவம்பரில் வந்த புயல் அத்துறைமுகத்தைச் சிதைத்தது. பின்னர் அது கைவிடப்பட்டது.

3. துறைமுகத்தை நோக்கிய எச்சரிக்கை

அரசு எச்சரிக்கை முறையொன்றை ஏற்படுத்தக் காரணமானவை 1864ஆம் ஆண்டின் இரு புயல்கள். அவ்வாண்டு அக்டோபர் 5ஆம் நாள் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் சுமார் 50,000 பேர் இறந்தனர். துறையில் நின்ற கப்பல்களிற் பெரும்பாலானவை சேதமுற்றன. ஒரு திங்கள் கழிவதற்குள், நவம்பர் 1ஆம் நாள், மசூலிப்பட்டினத்தைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 30,000 பேர் மாண்டனர். இவற்றின் விளைவாக 1865இல் கல்கத்தாத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை தொடங்கப்பட்டது. 1875இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பெற்று, எச். எஃப். பிளான்ஃபோர்டு அதன் முதல் தலைவரானார். 1886க்குள் இந்தியத் துறைமுகங்கள் அனைத்துக்கும் எச்சரிக்கை முறை விரிவுபடுத்தப்பட்டது. 1898இல் ஒரே சீரான குறியீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. இன்றுள்ள துறைமுகக் குறியீடுகள் சிற்சில மாற்றங்களுடன் அதன் தொடர்ச்சியே ஆகும்.

இம்முறையின் அமைப்பு அதன் கேட்போரைத் தெளிவாகக் காட்டுகிறது. வானிலை நிலையத்திலிருந்து துறைமுகத்துக்குத் தந்தி செல்லும். துறைமுக அலுவலர் உயர்ந்த கம்பத்தில் பகலில் கூம்பும் உருளையுமான வடிவங்களையும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகளையும் ஏற்றுவார். கடலில் நிற்கும் கப்பலின் தலைவர் தொலைநோக்கியால் அவற்றைக் கண்டு, தம்மிடமுள்ள அட்டவணையைப் பார்த்துப் பொருள் அறிவார். இது எழுத்தறிவும் கடற்பயிற்சியும் உடைய ஒரு தொழிற்குழுவினரின் குறிமொழி. துறைமுகத்திலிருந்து பத்துக் கல் தொலைவிலுள்ள மீனவக் குப்பத்துக்கோ, உப்பளத் தொழிலாளர் குடியிருப்புக்கோ, ஆற்றிடைக்குறையில் பயிரிடும் உழவருக்கோ அதில் இடமில்லை.

இவ்விடைவெளியை 1876ஆம் ஆண்டின் பாக்கர்கஞ்சுப் புயல் காட்டியது. அக்டோபர் 31ஆம் நாள் இரவு மேக்னா ஆற்றுக் கழிமுகத் தீவுகளில் கடல் புகுந்து ஏறத்தாழ ஓர் இலட்சம் பேரைக் கொண்டுசென்றது. தொடர்ந்து வந்த வாந்திபேதியிலும் பட்டினியிலும் அதே அளவினர் மாண்டதாகக் கணக்கிடப்பட்டது. வானிலைத் துறை தோன்றி ஓராண்டே ஆகியிருந்த காலம் அது. அறிவியல் முதிராமை ஒரு காரணமாயினும், முறைமை முதிர்ந்த பின்னரும் அத்தீவு மக்கள் அதன் கேட்போராக ஆகவில்லை என்பதே வரலாற்றில் முதன்மையானது.

4. எண்ணும் அதன் பொருளும்

தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் 'புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்னும் தொடரைக் காணாத மழைக்காலம் இல்லை. பின்னல் வேலைப்பாடாகத் தோன்றிய கூம்பு உருளை வடிவங்களைக் கண்ட மக்கள் அவற்றைக் கூண்டு என வழங்கினர் எனக் கொள்ளலாம். துறைமுகத்தின் அலுவல் குறியீடு பொதுமக்கள் மொழியில் கலந்ததற்கு இது நல்ல சான்று. ஆயின் சொல் மக்களை அடைந்த அளவுக்கு அதன் பொருள் அடையவில்லை.

துறைமுகக் குறியீடுகள் 1 முதல் 11 வரை எண்ணிடப்பட்டுள்ளன. முதலிரண்டும் தொலைவில் உள்ள வானிலையைக் குறிப்பன. 3, 4 ஆகியவை துறைமுகத்துக்கு நேரக்கூடிய தீய வானிலையை உணர்த்துவன. 5, 6, 7 ஆகியவை அபாயக் குறியீடுகள். 8, 9, 10 ஆகியவை பேரபாயக் குறியீடுகள். இவற்றுள் 5 என்பது புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கத்தில் விட்டுக் கடக்கும் என்பதையும், 6 என்பது வலப்பக்கத்தில் விட்டுக் கடக்கும் என்பதையும், 7 என்பது துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்கும் என்பதையும் உணர்த்தும். 8, 9, 10 ஆகியவை கடும்புயலைப் பொறுத்து இதே மூன்று வேறுபாடுகளைச் சுட்டுவன. ஆகவே 5இலிருந்து 6, 6இலிருந்து 7 என எண் ஏறுவது புயலின் வலிமை ஏறுவதைக் காட்டுவதன்று. புயலின் பாதை துறைமுகத்துக்கு எப்பக்கம் என்பதையே காட்டுகிறது.

இயல்பான மொழி வழக்கில் ஏறுவரிசை எண் மிகுதிப்பாட்டை உணர்த்தும். எட்டினும் ஒன்பது கூடுதல் கேடு என்றே எவரும் கொள்வர். திசையை உணர்த்த வகுத்த எண்ணை அளவை உணர்த்துவதாகக் கொள்ளும் இப்பிறழ்ச்சி, குறியீட்டைப் பெறுவோர் மாறியதால் விளைந்ததாகும். மாலுமிக்கு இடம் வலம் என்னும் வேறுபாடு உயிர்நாடி. வட அரைக்கோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுழல்வதால் அதன் பாதைக்கு வலப்பக்கத்தில் காற்று மிகும். கிழக்குக் கரையில் புயல் நுழையும் இடத்துக்கு வடக்கே காற்று கடல்நீரைக் கரைமேல் தள்ளும். அட்டவணை அறிந்தவர்க்கு எண் இவ்வளவு பொருளைத் தருகிறது. அட்டவணை அறியாதவர்க்கு அது வெறும் அச்சத்தின் அளவாகச் சுருங்குகிறது.

11ஆம் எண் இன்னும் நுட்பமானது. வானிலை எச்சரிக்கை நிலையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது என்பதே அதன் பொருள். செய்தி இல்லாமையே ஒரு செய்தி; கேடு அணுகியதாகக் கொள்க என்பது அதன் உட்கிடை. மௌனத்தையும் குறியீடாக்கிய இம்முறை துறைமுகத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியில் நிகழ்ந்தது இங்கு நினைக்கத்தக்கது. பாம்பனிலிருந்து சென்ற 653ஆம் எண் பயணிகள் தொடர்வண்டி தனுஷ்கோடியை நெருங்கியபோது கைகாட்டி இயங்கவில்லை என்றும், சிறிது நேரம் காத்திருந்த பின் வண்டி இருளில் முன்சென்றது என்றும் கூறப்படுகிறது. எழுந்த கடல் வண்டியை மூழ்கடித்தது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்புயலில் இந்தியாவிலும் இலங்கையிலும் இறந்தோர் தொகை சுமார் 1,800 என மதிப்பிடப்பட்டது. தனுஷ்கோடி வாழத் தகுதியற்ற ஊர் என அரசால் அறிவிக்கப்பட்டது. கைகாட்டியின் மௌனத்தைக் கேட்டின் அறிகுறியாகப் படிக்கும் வழக்கம் துறைமுகத்துக்கு வெளியே உருவாகியிருக்கவில்லை.

5. காற்றின் பெயரும் நீரின் பெயரும்

புயலால் நேரும் சாவுகளிற் பெரும்பகுதி காற்றால் நிகழ்வதன்று. புயல் தள்ளிக்கொண்டு வரும் கடல்நீரால் நிகழ்வது. இந்நீரெழுச்சிக்கு இந்தியக் கடற்கரை மொழிகள் எவ்வாறு பெயரிட்டுள்ளன என்பது எச்சரிக்கை வரலாற்றில் விலக்க முடியாத வினாவாகும்.

வங்காளத்தில் புயலுக்குக் 'கூர்ணிஜோர்' என்றும், நீரெழுச்சிக்கு 'ஜலோச்சாஸ்' என்றும் தனித்தனிச் சொற்கள் உண்டு. பின்னது நீர் வீங்கி எழுதல் என்னும் பொருளுடைய வடசொல் வழிவந்தது. தெலுங்கில் காற்றைக் குறிக்கத் 'துஃபானு' என்னும் சொல்லும், கடல் புகுதலைக் குறிக்க 'உப்பென' என்னும் சொல்லும் வழங்குகின்றன. அரபியில் 'தூஃபான்' என்பது நோவா காலத்துப் பெருவெள்ளத்தைக் குறிக்கும் சொல். அது இந்திய மொழிகளுக்கு வந்தபோது காற்றுப் பொருள் மேலோங்கியது. ஒடியாவில் 'பாத்யா' என்பது புயல். சுழற்காற்றைக் குறிக்கும் 'வாத்யா' என்னும் வடசொல்லின் திரிபு.

தமிழில் காற்றின் சொற்கள் வளமானவை. கொண்டல், தென்றல், கோடை, வாடை எனத் திசை நோக்கிப் பெயரிடும் மரபு சங்க காலத்தது. மீனவர் வழக்கில் கச்சான், சோழகம் முதலிய பெயர்களும் உள. 'சூறை' என்பது சுழற்காற்றையும் கொள்ளையையும் ஒருங்கே குறிக்கும். 'சூறாவளி' அதனடியாகப் பிறந்தது. 'புயல்' என்னும் சொல் பழைய இலக்கியங்களில் மேகத்தையும் மழையையும் குறித்தது; கடுங்காற்றைக் குறிப்பது பிற்காலப் பொருள் வளர்ச்சி. நீரைப் பொறுத்தவரை 'ஓதம்', 'கடல்கோள்' என்னும் பழஞ்சொற்கள் உள்ளன. ஆயினும் புயலோடு எழும் நீருக்கு மட்டும் உரியதாய், எல்லோர்க்கும் விளங்குவதாய் ஒரு சொல் பொதுவழக்கில் நிலைபெறவில்லை. அலுவல் அறிக்கைகளில் 'கடல் கொந்தளிப்பு', 'புயல் அலை', 'கடல்மட்ட உயர்வு' எனச் சொற்கள் மாறி மாறி வருகின்றன. கொந்தளிப்பு என்பது மழைக்காலக் கடலின் அன்றாட நிலையையும் குறிக்கும். அலை என்றால் வந்து மீள்வது என்றே தோன்றும். நீர் மட்டமே உயர்ந்து ஊருக்குள் நகர்ந்து வரும் நிகழ்ச்சியை இவற்றில் எதுவும் தெளிவாகக் காட்டவில்லை. 2004 டிசம்பருக்குப் பின் 'சுனாமி' என்ற கடன்சொல்லும் 'ஆழிப்பேரலை' என்ற ஆக்கச்சொல்லும் மிகச் சில நாள்களில் பரவின. பேரிழப்பு ஒன்று நேர்ந்த பின்னரே சொல் வேரூன்றியது.

சொல் இருந்தால் மட்டும் உயிர் காக்கப்படும் என்பதன்று. 1970 நவம்பர் 12ஆம் நாள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் போலாத் தீவையும் சுற்றுப்புறங்களையும் தாக்கிய புயலில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வங்காளத்தில் ஜலோச்சாஸ் என்னும் சொல் இருந்தது. புயல் வருவதையும் மிகப் பலர் அறிந்திருந்தனர். ஆயினும் உறுதியான கட்டடங்களில் அடைக்கலம் புகுந்தோர் மிகச் சிலரே என்பது பின்னர் நடந்த ஆய்வால் தெரியவந்தது. வானொலி தந்த செய்தியில் என்ன செய்க, எங்கே செல்க என்னும் ஏவற்பகுதி வலுவாக இல்லை. செல்வதற்குரிய இடங்களும் போதவில்லை.

6. கரையை நோக்கிய எச்சரிக்கை

1977ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஒரு வாரத்துக்குள் இரு புயல்கள் தென்னிந்தியக் கிழக்குக் கரையைத் தாக்கின. 12ஆம் நாள் நாகப்பட்டினம் அருகே கடந்த புயலில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 19ஆம் நாள் ஆந்திரத்தில் நிஜாம்பட்டினம், சீராலா பகுதியில் கடந்த புயலில் சுமார் 10,000 பேர் மாண்டனர். புயல் நுழைந்த இடத்துக்கு வடகிழக்கே, அதன் வலப்பக்கத்தில் கிடந்த திவிசீமை என்னும் கிருஷ்ணா கழிமுகப் பகுதியில் ஐந்து மீட்டர் அளவுக்கு எழுந்த கடல்நீர் பல கல் தொலைவு உட்புகுந்தது. அன்று முதல் 'உப்பென' என்னும் சொல் தெலுங்கு நாட்டில் அவ்வாண்டின் பெயராகவே நினைவில் நிலைத்தது.

இப்பேரழிவுக்குப் பின் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. ஒன்று, கடலோரச் சிற்றூர்களில் புயற்காப்பு மண்டபங்கள் எழுந்தன. மற்றொன்று, எச்சரிக்கையின் ஊடகமும் மொழியும் மாறின. 1980களில் இன்சாட் செயற்கைக்கோள் வழியாகக் குறிப்பிட்ட மாவட்டங்களுக்கு மட்டும் எச்சரிக்கையை அனுப்பும் முறை வகுக்கப்பட்டது. வடதமிழகத்திலும் தென் ஆந்திரத்திலும் கடலோர ஊர்களில் முதற்கட்டமாகப் பெறுகருவிகள் நிறுவப்பட்டன. சங்கொலி எழுந்த பின் வட்டார மொழியில் பேச்சாகச் செய்தி ஒலிக்கும். தந்தி, கம்பம், அட்டவணை என்னும் மூன்று இடைநிலைகளும் நீங்கி, எழுத்தறியாதவரும் நேரடியாகக் கேட்கத்தக்க செய்தி ஊர்ப்பொது இடத்தை அடைந்தது. புயல் எச்சரிக்கை வரலாற்றில் குறியீட்டிலிருந்து பேச்சுக்கு நேர்ந்த பெயர்ச்சி இதுவாகும்.

1990 மே 9ஆம் நாள் மசூலிப்பட்டினம் அருகே கடந்த புயல், வலிமையில் 1977ஆம் ஆண்டின் புயலுக்கு நிகரானது. மக்கள் இலட்சக்கணக்கில் முன்னரே அப்புறப்படுத்தப்பட்டனர். இறந்தோர் தொகை ஆயிரத்தைத் தொடவில்லை. பதின்மூன்று ஆண்டு இடைவெளியில் ஏறத்தாழ ஒரே நிலப்பகுதியில் சாவு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. மண்டபங்களும் சாலைகளும் கதிரலைக் கருவிகளும் இதற்குக் காரணமாயின என்பது உண்மை. எனினும் மக்கள் தாமே கிளம்பி மண்டபத்துக்குச் செல்ல அவர்கள் மொழியில் வந்த செய்தி இன்றியமையாததாயிற்று.

வங்கதேசத்திலும் இதற்கு இணையான பெயர்ச்சி நிகழ்ந்தது. 1972இல் அங்குத் தொடங்கப்பட்ட புயல் ஆயத்தத் திட்டம், துறைமுக எண் முறையை ஒழிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் மனிதக் குரலை நிறுத்தியது. ஊர்த் தொண்டர்கள் கொடி ஏற்றியும் ஒலிபெருக்கியில் கூவியும் எண்ணின் பொருளை வீடுதோறும் விளக்கினர். 1991இல் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்த நாட்டில், 2007ஆம் ஆண்டின் சிதர் புயலில் இறந்தோர் சுமார் 3,400 பேர். பெருந்தொகையே எனினும் முன்னைய அளவோடு ஒப்பிடத்தக்கதன்று.

7. ஒடிசாவின் இருபதாண்டுகள்

பெயர்ச்சி எல்லாக் கரைகளிலும் ஒரே காலத்தில் நிகழவில்லை என்பதை ஒடிசா காட்டியது. 1999 அக்டோபர் 29ஆம் நாள் பாராதீப்பு அருகே கடந்த புயலின் காற்று மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. இறந்தோர் ஏறத்தாழ 10,000 பேர். பெரும்பாலோர் ஜகத்சிங்பூர் மாவட்டத்தின் எரசமாப் பகுதியினர். கடலுக்கு அணித்தேயிருந்த அவ்வூர்களில் ஏற்ற மண்டபங்கள் மிகக் குறைவாகவே இருந்தன. 'மகாபாத்யா' என்று ஒடியா மொழி அப்புயலைப் பெயரிட்டு நினைவில் வைத்தது. அதே ஆண்டின் இறுதியில் மாநிலத்துக்கெனப் பேரிடர் மேலாண்மை அமைப்பு ஒன்று தொடங்கப்பட்டது. மண்டபங்கள் கட்டப்பட்டன, ஆண்டுதோறும் ஒத்திகைகள் நடத்தப்பட்டன, பின்னர் கடற்கரை நெடுகச் சங்கொலிக் கோபுரங்கள் நிறுவப்பட்டன.

2013 அக்டோபர் 12ஆம் நாள் கோபால்பூர் அருகே கடந்த ஃபைலின் புயலின்போது சுமார் பத்து இலட்சம் பேர் அப்புறப்படுத்தப்பட்டனர். 2019 மே 3ஆம் நாள் பூரியருகே கடந்த ஃபானி புயலின்போது பன்னிரண்டு இலட்சம் பேர் இடம் மாறினர். சுமார் 26 இலட்சம் குறுஞ்செய்திகள் அனுப்பப்பட்டன. இரு புயல்களிலும் ஒடிசாவில் இறந்தோர் தொகை இரட்டை இலக்கத்தில் நின்றது. ஃபானியின்போது ஒலிபெருக்கிகளும் சங்கொலிக் கோபுரங்களும் தந்த செய்தியின் அமைப்பு நோக்கத்தக்கது. அழுத்த அளவோ அட்சரேகையோ அதில் இல்லை. புயல் வருகிறது, மண்டபத்துக்குச் செல்க என்னும் இரு கூற்றுகளே ஒடியாவில் மீண்டும் மீண்டும் ஒலித்தன. முதற்கூற்று அறிவிப்பு; இரண்டாவது ஏவல். 1970இல் குறைவுபட்ட ஏவற்பகுதி 2019இல் எச்சரிக்கையின் நடுவிடத்தைப் பெற்றது.

8. பெயரிடல்

கேட்போரை நோக்கிய மற்றொரு முயற்சி புயல்களுக்குப் பெயரிடுதல். வட இந்தியப் பெருங்கடற் புயல்களுக்குப் பெயர் வழங்கும் முறை 2004இல் நடைமுறைக்கு வந்தது. எட்டு நாடுகள் எட்டெட்டாக வழங்கிய 64 பெயர்களில் முதலாவது ஒனில். இறுதியானது 2020 மே மாதத்து ஆம்பன். 2020இல் பதின்மூன்று நாடுகள் வழங்கிய 169 பெயர்களின் புதிய பட்டியல் வந்தது. இந்தியா அளித்த பதின்மூன்றனுள் 'முரசு', 'நீர்' என்னும் தமிழ்ச் சொற்களும் இடம்பெற்றுள்ளன. பெயர் எட்டெழுத்துக்கு மிகாமல், ஒலிக்க எளிதாய், எவர் மனத்தையும் புண்படுத்தாததாய் இருத்தல் வேண்டும் என்பது விதி. இலங்கை வழங்கிய 'மகாசேன்' என்னும் பெயர், குளங்கள் வெட்டிய அரசனை அழிவோடு இணைக்கிறது என்று அந்நாட்டிலேயே மறுப்பு எழுந்ததால், 2013இல் 'வியாரு' என மாற்றப்பட்டது.

வங்கதேசம் வழங்கிய 'ஃபானி' என்னும் பெயர் பாம்பின் படத்தைக் குறிப்பது. அந்நாட்டு ஒலிப்பு 'ஃபோனி'. பாம்பின் சுருளை நினைந்து பிடிங்டன் பெயரிட்ட அதே கடலில் இப்பெயர் அமைந்தது தற்செயலாயினும் சுவையானது. பெயர்கள் பல மொழிகளிலிருந்து வருவதால் ஒலிபெயர்ப்பில் ஒருமை இல்லை. ஆம்பன், உம்பன், மிக்ஜாம், மிச்சாங் எனத் தமிழ் ஊடகங்கள் ஒரே புயலை இருவகையாக எழுதின. ஒரே நாளில் இரு பெயர் கேட்கும் கடலோர மக்கள் இரு புயல்கள் என மயங்க இடமுண்டு. பட்டியல் வெளிவந்தவுடன் தமிழ் வரிவடிவத்தையும் உறுதிசெய்து வெளியிடுதல் இக்குறையை நீக்கும்.

9. தமிழ் எச்சரிக்கைச் சொற்கள்

வானிலை அறிக்கைகளில் வழங்கும் தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாக்கங்கள். காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல், தீவிரப் புயல், மிகத் தீவிரப் புயல் என்பன காற்றின் வேகத்தைக் கொண்டு படிநிலைப்படுத்தப்பட்டவை. மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொடும்போதுதான் 'புயல்' என்ற பெயர் கிடைக்கும். பொதுவழக்கில் 'தாழ்வு' என்பது குறைவையும் தணிவையும் உணர்த்தும் சொல். அழுத்தம் தாழத் தாழக் கேடு மிகும் என்னும் இயற்பியல் உறவு அச்சொல்லில் வெளிப்படையாக இல்லை. 'கரையைக் கடந்தது' என்னும் தொடரும் அத்தகையது. துன்பத்தைக் கடத்தல் என்னும் வழக்கின் சாயலால், கேடு நீங்கிவிட்டது என்னும் பொருளை அது தரக்கூடும். புயலின் மையம் கரையில் நுழையும் வேளையோ கேடு உச்சமாக இருக்கும் வேளை. மையம் மேலே நிற்கும்போது காற்று ஓய்ந்து, சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் வீசும். அவ்விடைவேளையில் வெளியே வந்தோர் பலர் மாண்டுள்ளனர். 'கரையில் நுழைகிறது' என்று கூறுதல் நிகழ்ச்சிக்கு நெருங்கிய சொல்லாட்சியாகும்.

படிநிலைச் சொற்கள் காலத்தோடு போட்டியிட முடியாமற் போவதும் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் கன்னியாகுமரிக் கடலில் ஒக்கி புயல் சில மணி நேரத்துக்குள் தாழ்வு மண்டலம் என்னும் நிலையிலிருந்து புயலாக மாறியது. பல நாள்களுக்கு முன்னரே ஆழ்கடல் சென்றிருந்த குமரி, கேரள மீனவர்களைச் செய்தி அடையவில்லை. நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. முதன்முதலில் கடலோடிகளை மட்டுமே கேட்போராகக் கொண்டு தோன்றிய எச்சரிக்கை முறை, கரையை நோக்கித் திரும்பிய பின், சிறு படகில் ஆழ்கடல் செல்லும் தொழிலாளியைக் கேட்போராகக் கொள்ளாமல் விட்டது. 1898ஆம் ஆண்டின் கம்பம் பெருங்கப்பலுக்குத் தெரிந்தது. 1990ஆம் ஆண்டின் சங்கொலி ஊருக்குக் கேட்டது. கரையிலிருந்து நூறு கடல்மைலுக்கு அப்பால் நின்ற விசைப்படகுக்கு இரண்டும் எட்டவில்லை. இதன் பின்னரே செயற்கைக்கோள் வழியாகப் படகுக்கு நேரே செய்தி அனுப்பும் கருவிகள் மீது கவனம் திரும்பியது. அக்கருவிகளில் வரும் செய்தி மீனவரின் சொந்தக் காற்றுப் பெயர்களையும் நீரோட்டப் பெயர்களையும் ஏற்றுக்கொள்ளுமாயின் அதன் பயன் பெருகும்.

10. முடிவுரை

மேற்கண்டவற்றால் சில உண்மைகள் பெறப்படுகின்றன. இந்தியப் புயல் எச்சரிக்கை 1865 முதல் கப்பலைக் கேட்போராகக் கொண்ட குறிமொழியாக வளர்ந்தது. அதன் எண்கள் பொதுமக்களிடம் பரவியபோது திசைப்பொருள் மறைந்து அளவுப்பொருள் குடிகொண்டது. 1977க்குப் பின் வட்டார மொழிப் பேச்சு குறியீட்டின் இடத்தைப் பெற்றது. அதன் பின் கரையில் சாவு குறைந்தது. அறிவிப்போடு ஏவலும் சேர்ந்து, ஏவலை நிறைவேற்ற மண்டபமும் இருந்தபோது அக்குறைவு மிகுந்தது. கருவியும் கட்டடமும் இன்றி மொழி மட்டும் உயிர் காக்காது. மொழி தவறினால் அவையும் பயன்படா.

தமிழைப் பொறுத்தவரை செய்யவேண்டுவன மூன்று. புயலோடு எழும் நீருக்கு ஒரே சொல்லைத் தேர்ந்து எல்லா அறிக்கைகளிலும் மாறாமல் வழங்குதல் முதலாவது. 'ஓதம்' என்னும் பழஞ்சொல்லை அடியாகக் கொண்ட 'புயலோதம்' போன்ற ஆக்கம் கருதத்தக்கது. கூண்டு எண்களைச் செய்தியாக வெளியிடும்போது அவற்றின் திசைப்பொருளையும் உடன் தருதல் இரண்டாவது. கடலோர வட்டாரச் சொற்களைத் தொகுத்து எச்சரிக்கை எழுதுவோர் கையில் அளித்தல் மூன்றாவது. அடுத்த பெருநீர் எழும் இரவில், அதைக் குறிக்கும் சொல் கடலோரக் குடிகளுக்கு முன்னரே பழகியிருத்தல் வேண்டும்.